வீட்டு ஆங்கிலத்தில் ஏறி பள்ளி ஆங்கிலத்தில் இறங்க: 'பிரிட்ஜ்' பாடப்பெட்டி மதிப்புரை

ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டில் பேசும் வழக்கிலேயே பாடம் நடத்தலாமா, முதல் நாளிலிருந்தே பள்ளி ஆங்கிலம்தானா என்ற சண்டை அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை. அது சூடாகும்போதெல்லாம் 'பிரிட்ஜ்' என்ற பெயர் அடிபடும். கேரி சிம்ப்கின்ஸ், கிரேஸ் ஹோல்ட், சார்லசெட்டா சிம்ப்கின்ஸ் மூவரும் சேர்ந்து உருவாக்க, ஹவ்டன் மிஃப்ளின் பதிப்பகம் 1977இல் வெளியிட்ட வாசிப்புப் பாடப்பெட்டி அது. 'கொச்சையில் பாடம் நடத்துகிற புத்தகம்' என்று எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். ஆதரிப்பவர்களில் பலரும் ஏறக்குறைய அதையேதான் பெருமையாகச் சொல்வார்கள். பெட்டிக்குள் இருப்பது அதுவல்ல. தொடக்கம்தான் வீட்டு வழக்கு, முடிவு பள்ளி ஆங்கிலம். பெயரே பாலம் என்பதுதானே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது எழுத்தறியாத குழந்தைகளுக்கான அரிச்சுவடி இல்லை. 7 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும், ஆனால் வாசிப்பில் பல வகுப்புகள் பின்தங்கிவிட்ட பிள்ளைகளுக்கானது. எழுத்தைக் கூட்டி வாசித்துவிடுவார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் வராது. அந்த இடத்தில்தான் பெட்டி கை வைக்கிறது.

உள்ளே இருப்பவை: ஐந்து கதைப் புத்தகங்கள், அவற்றோடு சேர்ந்த பயிற்சி ஏடுகள், ஆசிரியர் கையேடு, ஒலிநாடா. கதைகள் மூன்று வடிவங்களில் வருகின்றன. முதலில் வீட்டு வழக்கு, அடுத்து இரண்டுக்கும் இடைப்பட்ட நடை, கடைசியில் பள்ளி ஆங்கிலம். 'எ ஃப்ரெண்ட் இன் நீட்' என்ற கதையை எடுத்துக்கொள்ளலாம். பழைய கார் ஒன்றைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் ரஸ்ஸல் என்ற இளைஞனின் கதை. வழக்கு வடிவத்தில் அவன் வைத்திருப்பது 'வீல்ஸ்'. பையன்கள் எப்போதும் வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பார்கள் என்பதற்கு 'பி கீப்பிங்' என்று வருகிறது. 'அவர்களுடைய' என்பதற்கு 'தேர்' இல்லை, 'தே'. பள்ளி ஆங்கில வடிவத்துக்கு வரும்போது வீல்ஸ் போய் கார் வருகிறது, 'தே' போய் 'தேர்' வருகிறது. கதை ஏற்கெனவே தெரிந்தது என்பதால் பிள்ளையின் கவனம் முழுக்க மாறிய வாக்கியத்தின் மேல் இருக்கிறது. பெட்டியின் சூட்சுமம் இந்த ஒரு ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

பாராட்ட வேண்டிய இன்னொரு முடிவு எழுத்துக்கூட்டல். பேச்சை அப்படியே காட்டுகிறேன் என்று 'திஸ்' என்பதை 'டிஸ்' என்றும் 'தட்' என்பதை 'டட்' என்றும் சிதைத்து அச்சடிக்கவில்லை. வாக்கிய அமைப்பு வீட்டு வழக்கு, எழுத்து பெரும்பாலும் வழக்கமான ஆங்கில எழுத்து. வழக்கு நூல் தயாரிக்க உட்காருகிறவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஒலிப்புக்கு ஏற்ப எழுத்தை மாற்றினால் பிள்ளை ஒரே சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் மனப்பாடம் செய்ய வேண்டிவரும். அதோடு அந்தப் பக்கத்தைப் பார்த்த பெற்றோருக்கு அது கேலியாகத் தெரியும், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வழக்கின் இலக்கணம் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. 'ஷீ மை டீச்சர்' என்பார்கள், 'இஸ்' கிடையாது. 'அவள் என் டீச்சர்' என்பதிலும்தான் கிடையாது. 'மை பிரதர் ஷர்ட்' என்பது 'அண்ணன் சட்டை'. 'ஃபைவ் டாலர்' என்பது 'அஞ்சு ரூபாய்'. 'அண்ணன் சட்டை'யைப் பிழை என்று நாம் யாரும் சொல்வதில்லை, 'அண்ணனுடைய சட்டை' என்பது அதன் இன்னொரு வடிவம், அவ்வளவுதான். 'இஸ்' விடுபடுவதும் மனம்போன போக்கில் நடப்பதில்லை. பள்ளி ஆங்கிலத்தில் 'ஹீ இஸ்' என்பதை 'ஹீஸ்' என்று சுருக்க முடிகிற இடத்தில்தான் வழக்கில் அது விடுபடும். 'தட்ஸ் வேர் ஹீ இஸ்' என்று வாக்கியத்தின் கடைசியில் நின்றால் விடுபடாது. 'ஐ ஆம்' என்பதில் உள்ள 'ஆம்' விடுபடுவதில்லை. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பையன்களின் பேச்சைப் பதிவு செய்து இதை எடுத்துக்காட்டினார்.

'பி' இன்னும் நுட்பமானது. 'ஹீ வொர்க்கிங்' என்றால் இப்போது வேலையில் இருக்கிறான். 'ஹீ பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலை செய்வான். மொழியியலாளர் ஜேனிஸ் ஜாக்சன் சிறு பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார். 'செசமி ஸ்ட்ரீட்' பொம்மைகளில் எப்போதும் பிஸ்கட் தின்கிற குக்கி மான்ஸ்டர் காய்ச்சலில் படுத்திருக்கிறது. அந்த நேரத்தில் எல்மோ உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறது. 'ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?' என்றதும் வீட்டில் இந்த வழக்கைப் பேசும் பிள்ளைகள் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள். இந்தக் கணம் தின்பது யார் என்பது அவர்களுக்கு வேறு கேள்வி. பள்ளி ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் வராத வேறுபாடு இது. இதை அறியாத ஆசிரியர் 'பி' என்பதை 'இஸ்' என்று திருத்தும்போது பிள்ளை சொன்ன பொருளையே மாற்றிவிடுகிறார்.

இனி, பெட்டி வேலை செய்ததா? வெளியீட்டை ஒட்டி அமெரிக்காவின் ஐந்து பகுதிகளில், 27 வகுப்புகளில், 540 மாணவர்களிடம் சோதித்தார்கள். 417 பேருக்கு பிரிட்ஜ், 123 பேருக்கு வழக்கமான வாசிப்புத் துணைப்பாடம். நான்கு மாதம் கழித்து ஐயோவா அடிப்படைத் திறன் தேர்வில் பிரிட்ஜ் பிள்ளைகளின் வாசிப்புப் புரிதல் 6.2 மாத அளவு முன்னேறியிருந்தது. மற்றவர்களுடையது 1.6 மாதம். இங்கே மாதம் என்பது தேர்வின் அளவுகோல்: சராசரி மாணவர் நான்கு மாதத்தில் நான்கு மாத அளவு முன்னேறுவார் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் வழக்கமான பாடம் படித்தவர்கள் அந்த நான்கு மாதத்தில் மேலும் 2.4 மாதம் பின்தங்கியிருக்கிறார்கள். பின்தங்கியவர்களுக்கென்றே நடத்தும் வகுப்பில் இது நடந்திருக்கிறது என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.

இந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் நிதானமாகக் காட்ட வேண்டும். பிரிட்ஜ் குழுவுக்குக் கிடைத்தவை பல: வீட்டு வழக்கு, அந்தச் சமூகத்தின் கதைகள், அதே வழக்கில் தோழமையோடு பேசும் ஒலிநாடாக் குரல், ஒரே கதையை மறுபடி வாசிக்கும் வாய்ப்பு. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று இந்தச் சோதனையைக் கொண்டு பிரிக்க முடியாது. ஒப்பீட்டுக் குழு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெட்டி மொத்தமாகப் பார்த்தால் வேலை செய்தது என்று சொல்லலாம், 'வழக்குதான் காரணம்' என்று சொல்லக்கூடாது.

வழக்கு எந்த வழியில் உதவியிருக்கும் என்பதற்கு நல்ல விளக்கம் உண்டு. லபோவ் பையன்களை வாசிக்கச் சொன்ன வாக்கியங்களில் ஒன்று: 'வென் ஐ பாஸ்ட் பை, ஐ ரெட் த போஸ்டர்ஸ்.' ஆங்கிலத்தில் 'ரெட்', 'ரீட்' இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். எப்படி ஒலிப்பது என்பதை முன்னால் வரும் 'பாஸ்ட்' என்ற இறந்தகாலம்தான் சொல்லித்தர வேண்டும். வழக்கில் அந்தச் சொல்லின் கடைசி 'ட்' ஒலிக்காமல் போவதுண்டு. ஒலிக்காததனால் குற்றமில்லை. 'பாஸ்' என்று வாசித்துவிட்டு அடுத்ததை 'ரெட்' என்று சரியாக வாசித்தால் பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கிறது. 'ரீட்' என்று வாசித்தால், கண் பார்த்த 'எட்' விகுதி மூளைக்கு இறந்தகாலமாகப் போய்ச் சேரவில்லை. 'லாஸ்ட் மன்த்' போன்ற சொல் இருக்கும் வாக்கியத்தில் பையன்கள் தடுமாறவில்லை. விகுதியை மட்டும் நம்ப வேண்டிய இடத்தில்தான் அடிக்கடித் தடுமாறினார்கள். ஆக, இதில் ஒலிப்பு வேறு, புரிதல் வேறு.

பெரும்பாலான வகுப்பறைகளில் நடப்பதோ தலைகீழ். பிள்ளை 'தே' ('அவர்கள்') என்ற சொல்லைத் தன் வழக்கின் ஒலிப்பில் 'டே' என்று சரியாக வாசித்திருக்கும். ஆசிரியர் நிறுத்தி 'தே' என்று சொல்லச் சொல்வார். பிள்ளை மறுபடி 'டே' என்னும், மறுபடி நிறுத்துவார். நான்கு முறை நின்ற பிறகு கதை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. 1973இல் ஆய்வாளர் ஆன் பீஸ்ட்ரப் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 208 ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்து எழுதினார். வழக்குக்காக ஓயாமல் குறுக்கிட்ட ஆசிரியர்களின் வகுப்பில்தான் வாசிப்பு மதிப்பெண் தாழ்ந்தும் வழக்குப் பேச்சு கூடியும் இருந்தது. பிள்ளைகளின் பேச்சுத் தாளத்தோடு ஒட்டிப் பாடம் நடத்தியவர்களின் வகுப்பில் மதிப்பெண் உயர்ந்திருந்தது. திருத்தத் திருத்த வழக்கு போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. போவது வாசிப்புதான்.

குறைகளுக்கு வருவோம். பெரிய குறை, வழக்கையும் கொச்சைச் சொல்லையும் ஒன்றாகக் கட்டியது. 'வீல்ஸ்', 'டூட்' எல்லாம் 1970களின் இளைஞர் பேச்சு. அப்படிப்பட்ட சொற்கள் பத்து ஆண்டில் பழசாகிவிடும். 'பி'யும் விடுபடும் 'இஸ்'ஸும் அப்படி இல்லை, அவை இலக்கணம், தலைமுறை தாண்டி நிற்கின்றன. இன்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் பெட்டியின் முதல் கதையைக் கொடுத்தால் தாத்தா காலத்துப் பேச்சாகத் தெரியும். இலக்கணத்தை வைத்துக்கொண்டு கொச்சைச் சொல்லைக் குறைத்திருந்தால் பெட்டி இன்னும் நெடுநாள் உழைத்திருக்கும்.

இரண்டாவது, கலந்த வகுப்புக்கு வழி சொல்லவில்லை. ஒரே அறையில் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பகுதியினருக்கு மட்டும் வேறு புத்தகம் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுக்கப்பட்டவர்கள் தங்களை மட்டமாக்கிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, பெற்றோர். 'வீட்டுப் பேச்சை வீட்டிலேயே கற்றுவிட்டான், பள்ளிக்கு அனுப்புவது இல்லாததைக் கற்க' என்று கேட்ட பெற்றோரின் கேள்வி அறியாமையில் எழுந்ததல்ல. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் எந்த ஆங்கிலம் செல்லும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களை உட்கார வைத்துக் கடைசிப் புத்தகத்தை முதலில் காட்டியிருக்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் பதிப்பகம் கைவிட்டது. நல்ல முடிவுகள் கையில் இருந்தும் பெட்டி பரவலாகப் போய்ச் சேரவில்லை.

நான்காவதைக் குறை என்று சொல்வதைவிட எல்லை என்று சொல்லலாம். பிரிட்ஜ் வாசிப்புக்கானது. அதை முடித்த பிள்ளை கட்டுரையில் 'மை பிரதர் ஷர்ட்' என்றுதான் எழுதும். எழுத்துக்கு வேறு கருவி வேண்டும், அது உண்டு: ஒப்பீட்டு அட்டவணை. இல்லினாயின் அரோரா பல்கலைக்கழகத்தில் ஹான்னி டெய்லர் நடத்திய சோதனையில் 11 வாரங்களில், இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்ற மாணவர்களின் கட்டுரைகளில் வழக்குக் கூறுகள் 59 சதவீதம் குறைந்தன. பழைய முறையில் பிழை திருத்தப்பட்டவர்களிடம் 8.5 சதவீதம் கூடின. ஜார்ஜியாவின் டிகால்ப் மாவட்டத்தில் 'வீட்டுப் பேச்சு', 'பள்ளிப் பேச்சு' என்று பெயரிட்டு இதே முறையில் நடத்தினார்கள். வர்ஜீனியாவில் ரெபெக்கா வீலரும் ரேச்சல் ஸ்வோர்ட்ஸும் தொடக்கப் பள்ளிக்கு ஏற்றபடி வடிவமைத்தார்கள்.

இதற்குப் பெட்டி வாங்கத் தேவையில்லை, சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். முதலில் வகுப்பின் கட்டுரைகளை எடுத்து எந்தக் கூறு எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ண வேண்டும். உடைமை, பன்மை, 'ஹீ வாக்ஸ்' என்பதற்குப் பதில் 'ஹீ வாக்' என்று வரும் வினை, 'எட்' விகுதி, 'வாஸ்–வேர்' ஆகியவை அடிக்கடி மேலே வரும். அதிகம் வந்த நான்கைந்து போதும், மற்றதைத் தொட வேண்டாம். ஒரு அட்டவணைக்கு ஒரே கூறு. இடப்பக்கம் பிள்ளைகள் எழுதிய மூன்று நான்கு வாக்கியங்கள், யார் எழுதியது என்று தெரியாதபடி. வலப்பக்கம் அவற்றின் பள்ளி வடிவம். ஒரு வாக்கியத்தில் வேறு கூறும் கலந்திருந்தால் அதை முன்பே சரிசெய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எது மாறியது என்று பிள்ளைக்குப் பிடிபடாது.

பிறகு ஒரே கேள்வி: இடமிருந்து வலம் போகும்போது என்ன மாறியது? 'மை கசின் பைக்', 'த டாக் டெயில்'. உடையவர் பெயர், அடுத்து பொருள்: வரிசையே உடைமையைச் சொல்கிறது. வலப்பக்கம் உடையவர் பெயரோடு ஒரு மேற்குறியும் 'ஸ்'ஸும். இந்த விதியைப் பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் சொல்ல, ஆசிரியர் அட்டவணையின் அடியில் எழுத வேண்டும். ஆசிரியரே சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். அதன் பிறகு அட்டவணை சுவரிலேயே இருக்கட்டும். கட்டுரை எழுதி முடித்து, திருத்தும் நேரத்தில் மட்டும் அதைப் பார்க்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொன்னால் பேனா நின்றுவிடும்.

கெடுப்பது எது என்றால், இடப்பக்கத்தின் மேல் 'தவறு' என்று எழுதுவது முதலாவது. சிவப்புப் பேனாவும் பெருக்கல் குறியும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டாவது, ஆசிரியர் தானாகக் கற்பனை செய்து வழக்கு வாக்கியம் எழுதுவது. இப்போது பசிக்கிறது என்பதற்கு 'ஹீ பி ஹங்ரி ரைட் நவ்' என்று எழுதினால், வழக்கு பேசும் பிள்ளைக்கு அது காதில் குத்தும். தன் மொழி தெரியாத ஒருவர் தன்னைப் போல நடித்துக்காட்டுகிறார் என்று நினைக்கும், அதன் பிறகு நம்பாது. மூன்றாவது, விதியை அரைகுறையாக விட்டால் பிள்ளைகள் 'ஸ்'ஸை எல்லா வினையிலும் ஒட்டுவார்கள்: 'ஐ வாக்ஸ்', 'தே வாக்ஸ்'. இது முன்னேற்றத்தின் அடையாளம்தான். 'ஸ்' எங்கே வராது என்பதற்கு அடுத்த வாரம் ஒரு அட்டவணை போட்டால் சரியாகும். திட்டினால் பழையபடி விட்டுவிடுவார்கள்.

நீதிமன்றமும் கல்வி வாரியமும் இதில் நுழைந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்லலாம். மிச்சிகனின் ஆன் ஆர்பரில் 11 பிள்ளைகளின் சார்பில் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் 1979 ஜூலையில் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர், பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு வழக்கை ஆசிரியர்கள் அடையாளம் கண்டு, அந்த அறிவை வாசிப்புப் பாடத்தில் பயன்படுத்த மாவட்டம் உதவ வேண்டும் என்றார். அதன்படி ஆசிரியர்களுக்கு 20 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. வீட்டுப் பேச்சிலேயே பாடம் நடத்தச் சொல்லவில்லை. 1996 டிசம்பர் 18இல் ஓக்லாந்து கல்வி வாரியம் போட்ட தீர்மானம் நோக்கத்தில் இதற்கு நெருங்கியது. ஆனால் வாசகம் கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்ததால், பள்ளி ஆங்கிலத்தையே கைவிடப்போகிறார்கள் என்று நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. அடுத்த மாதமே வாசகத்தை மாற்றினார்கள். 1997 ஜனவரி 3இல் அமெரிக்க மொழியியல் சங்கம் இந்தப் பேச்சு வழக்கு இலக்கண விதிகளுக்கு உட்பட்டது என்றும், அதைக் கணக்கில் எடுத்துப் பள்ளி ஆங்கிலம் கற்பிப்பது சரியான வழி என்றும் தீர்மானம் போட்டது. கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

நம் ஊரில் இதைப் படித்துவிட்டு 'நாமும் வந்தாங்க என்று பேசி வந்தார்கள் என்று எழுதுகிறோமே, என்ன கஷ்டம்' என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தமிழில் ஏட்டு நடையை வீட்டில் பேசுகிறவர் யாரும் இல்லை. கலெக்டர் வீட்டுப் பிள்ளையும் கூலி வேலை செய்பவர் பிள்ளையும் 'வந்தார்கள்' என்பதைப் பள்ளியில்தான் கற்கிறார்கள். அமெரிக்க வகுப்பறையிலோ ஒரு பிள்ளை பாடநூல் மொழிக்கு நெருங்கிய பேச்சோடு வந்து உட்காருகிறது, பக்கத்துப் பிள்ளைக்கு அது இல்லை. இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒருவர் மந்தம் என்கிறார்கள்.

பழைய பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். பல்கலைக்கழக நூலகங்களில் கிடைத்தால் மூன்று வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஆசிரியர்களுக்கு நல்ல பயிற்சி. வகுப்பில் கொடுக்க இன்றைய கதை வேண்டும். அதை எழுத, அந்த வழக்கில் வளர்ந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். பிள்ளைகளே வாய்மொழியாகச் சொன்ன கதையைப் பதிவு செய்து, எழுத்துக்கூட்டலைச் சிதைக்காமல் எழுதி, மூன்று படிகளில் மாற்றினால் அதுவே பாடம். ஒரு கதைக்கு ஒரு பக்கம் போதும்.

தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு அந்த 'போஸ்டர்' வாக்கியத்தைப் போல ஐந்தாறு வாக்கியங்களை வாசிக்கச் சொல்ல வேண்டும். நடுவில் திருத்தக்கூடாது. 'ரீட்' என்று வாசிப்பவர்களுக்கு முதலில் வாசிப்பு வேலை, மூன்று வடிவக் கதை. 'பாஸ்' என்று ஒலித்துவிட்டு 'ரெட்' என்று வாசிப்பவர்களின் வாசிப்பில் கை வைக்க வேண்டாம். அவர்கள் கையில் கட்டுரையைக் கொடுத்து நேராக அட்டவணைக்குக் கூட்டிப் போகலாம்.